பெரிசியரின் நத்தம்

விருதுநகரில் பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் இறங்குகிறவர் வழியில் மூன்று சொற்களைக் கடந்துபோகிறார். ஏறுகிற ஊரின் பெயரில் நகர் இருக்கிறது. இறங்குகிற ஊரின் பெயரில் கோட்டை இருக்கிறது. இடையில் பாலவனத்தம். கண்டக்டர் “பாலவநத்தம்லாம் எந்திரிச்சு வாங்க” என்கிறபோது, அவர் சொன்னது றகரத்துக்கு அடுத்து வருகிற னகரமா, தகரத்துக்கு அடுத்து வருகிற நகரமா என்று எந்தக் காதாலும் சொல்ல முடியாது. ஊர்ப் பலகையில் ‘ன’. ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரைப் பற்றிய பழைய புத்தகங்களில் பெரும்பாலும் ‘ந’.

ஒரு சுழியில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ‘ன’ போட்டால் காது அதை ‘பாலவனம்’ என்று பிரிக்கிறது. சித்திரை வெயிலில் அந்தக் கரிசலில் நின்று பார்த்தவருக்குப் பாலைவனம் என்றே கேட்டாலும் தப்பில்லை. ‘ந’ போட்டால் ஊர் நத்தமாகிவிடுகிறது. நான் ‘ந’ கட்சி. வெயில் ஊருக்கு மேலே இருப்பது, நத்தம் ஊரே ஆனது.

நத்தம் என்றால் என்னவென்று கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நத்தம் பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். நஞ்சையும் இல்லை, புஞ்சையும் இல்லை; சனங்கள் வீடு கட்டிக் குடியிருக்கிற இடம். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விட்ட ஊர்களின் கல்வெட்டுகளில் வரி நீங்கிய நிலங்களின் வரிசை ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதில் ஊர் நத்தம் உண்டு. குளம், ஊடே போகும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு எல்லாம் உண்டு. ஆயிரம் வருஷமாக இந்தச் சொல் பொருள் மாறாமல் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் உட்கார்ந்திருக்கிறது. நத்தத்துக்கு மதில் கிடையாது. அகழி கிடையாது. ஒரு ஆலமரமோ வேம்போ, ஒரு கண்மாய், ஒரு ஊருணி, கிழக்கே பார்த்த நாலு தெரு. வருகிறவன் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். ஆடுகளும் அப்படித்தான் வருகின்றன.

இவ்வளவும் எனக்குத் தோன்றியது ஊர்ப் பெயர் ஆராயப் போய் அல்ல. வேதாகமத்தில் ஒரு பெயரைத் தேடிப் போய்.

பள்ளிக்கூட நாளில் வேதக்காரக் கூட்டாளி ஒருவன் வீட்டில் கறுப்பு அட்டை போட்ட வேதாகமம் இருந்தது. கதை படிக்கிற வெறியில் ஆதியாகமத்தைப் படித்தேன். பதினைந்தாம் அதிகாரத்தின் கடைசியில், ஆபிரகாமின் சந்ததிக்கு வாக்களிக்கப்பட்ட நிலத்தில் அப்போது யார் யார் இருந்தார்கள் என்று ஒரு பட்டியல் வரும். கேனியர், கெனிசியர், கத்மோனியர், ஏத்தியர், பெரிசியர், ரெப்பாயீமியர், எமோரியர், கானானியர், கிர்காசியர், எபூசியர். மொத்தம் பத்து. நிலத்தைக் கொடுப்பவர் கொடுத்துவிட்டார், வாங்குபவர் வாங்கிக்கொண்டார். அதில் குடியிருந்த பத்துப் பேரிடம் யாரும் ஒன்றும் கேட்டதாக எழுதியில்லை. ஜமீன் பகுதியில் வளர்ந்த பையனுக்கு இது பெரிய ஆச்சரியமாகப் படவில்லை. பெரிசியர் என்பது மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை வந்த உபதேசியாரிடம் கேட்டேன்.

“பெரிசியர்னா யாருங்கய்யா?”

“அதான் தம்பி, ஏசுவைக் கேள்வி கேட்டே மடக்கப் பாப்பாங்களே, அவங்கதான்.”

அவர் சொன்னது பரிசேயரை. பரிசேயர் புதிய ஏற்பாட்டுக்காரர்கள். பிரிந்து நிற்பவர் என்பது அந்தப் பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பொருள். பெரிசியர் அதற்கு ஆயிரம் வருஷமாவது முந்திய கதைகளில் வருகிறவர்கள். உபதேசியாரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தமிழில் அந்த இரண்டு பெயர்களும் பங்காளிகள் மாதிரியே இருக்கின்றன. தரங்கம்பாடியில் உட்கார்ந்து ரூத்தின் கதை வரைக்கும் பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கிய சீகன்பால்கு தொடங்கி, பெப்ரிசியுஸ், 1871 திருத்தத்தை நடத்திய பவர் ஐயர் வரை, இந்தப் பெயர்களை யாரும் பொருள் சொல்லி மொழிபெயர்க்கவில்லை. குலப் பெயர் என்று எடுத்துக்கொண்டு ஒலியை மட்டும் கொண்டுவந்தார்கள். அவர்கள் மட்டுமில்லை, உலகம் முழுக்க அப்படித்தான்.

ஆனால் அந்தப் பெயருக்குப் பொருள் இருக்கிறது. குறைந்தபட்சம், இருக்கக் கூடிய ஒரு பொருள் இருக்கிறது. எபிரேய எழுத்தில் பழங்காலத்தில் உயிர்க்குறிகள் இல்லை. மெய்கள் மட்டும் எழுதுவார்கள். உயிரைப் படிப்பவர் போட்டுக்கொள்ள வேண்டும். நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி இராது என்பதும், கொடுவா கோடுவா என்று படிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதும் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். பெரிசியர் என்று நாம் சொல்லும் பெயர் அங்கே நாலே எழுத்து. அந்த நாலு எழுத்தை ‘பெரிஸ்ஸி’ என்று படித்தால் குலம். அதே நாலு எழுத்தை ‘பெராஸி’ என்று படித்தால் மதில் இல்லாத ஊர்க்காரன். உபாகமம் மூன்றாம் அதிகாரத்தில் பாசான் அரசன் ஓகுடைய அறுபது பட்டணங்களைப் பிடித்த கதை வருகிறது. உயர்ந்த மதிலும் கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறுபது, அவை போக ‘பெராஸி’ ஊர்கள் எக்கச்சக்கம். நம் தமிழ் வேதாகமமும் அங்கே அரணில்லாதவை என்ற பொருளைத்தான் எடுத்திருக்கிறது. இதே இடத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த அலெக்சாந்திரிய யூதர்கள், கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு வருஷத்துக்கும் முன்னே, ‘பெரிசியருடைய பட்டணங்கள்’ என்று எழுதிவிட்டார்கள். முதலாம் சாமுவேலின் ஆறாம் அதிகாரத்திலும் மதிலில்லாத சிற்றூர் கிரேக்கத்தில் பெரிசியனுடைய ஊராகிவிட்டது. உயிர் மாறியது; ஊர் குலமானது.

திபேரியாவில் இருந்த மசோரெத் அறிஞர்கள் கிறிஸ்துவுக்குப் பின் ஏழு முதல் பத்தாம் நூற்றாண்டுகளில் மெய்யைத் தொடாமல் மேலும் கீழும் புள்ளிகளைப் போட்டு உயிரை நிலைநிறுத்தினார்கள். நூலின் ஓர் எழுத்தைக்கூட நகர்த்தாத அவர்கள் பிடிவாதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பாலவனத்தத்துக்காரர் நினைவுக்கு வருவார். எதுகை சரியில்லை என்று திருக்குறளைத் ‘திருத்தி’ அச்சிட்ட ஒரு வெள்ளைக்காரரின் பிரதிகளையெல்லாம் பாண்டித்துரைத் தேவர் மொத்தமாக விலைக்கு வாங்கி அழித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான். ஆனால் 1901 செப்டம்பரில் மதுரையில் தமிழ்ச் சங்கத்தைக் கூட்டி, ஏடுகளைத் தேடித் தொகுத்து, ‘செந்தமிழ்’ இதழ் நடத்தவைத்த மனிதரைப் பற்றி அப்படி ஒரு கதை கிளம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பெரிசியருக்குத் திரும்புவோம். ஆதியாகமம் பத்தாம் அதிகாரத்தில் கானானின் பிள்ளைகள் என்று ஒரு வம்சாவளி இருக்கிறது. ஏத்து, எபூசியன், எமோரியன், கிர்காசியன் எல்லாரும் அதில் பிறக்கிறார்கள். பெரிசியன் பிறக்கவில்லை. அவனுக்கு அப்பன் பெயர் இல்லை. பத்துப் பட்டியலில் வருகிறான், ஏழு பட்டியலில் வருகிறான், வம்சாவளியில் மட்டும் காணோம். இன்னொன்று: ஆபிராமின் மேய்ப்பர்களும் லோத்தின் மேய்ப்பர்களும் சண்டை போடுகிற இடத்தில், அப்போது நாட்டில் கானானியரும் பெரிசியரும் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. நியாயாதிபதிகளின் முதல் அதிகாரத்தில் பேசேக்கில் யூதா கோத்திரத்தார் ஜெயித்ததும் இதே ஜோடியைத்தான். மற்றவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? போகவில்லை என்கிறார்கள் சில அறிஞர்கள். இந்த ஜோடி எல்லாரையும் சேர்த்துச் சொல்வது. கானானியன் என்றால் மதிலுக்குள் இருப்பவன், பெரிசியன் என்றால் வெளியில் இருப்பவன். நம் பேச்சில் ‘பட்டணத்தானும் பட்டிக்காட்டானும்’ என்போமே, அது. 1972-ல் சிவாஜி படத்துக்கு ‘பட்டிக்காடா பட்டணமா’ என்று பெயர் வைத்தபோது யாரும் அதை இரண்டு இனக்குழுக்களின் போர் என்று நினைக்கவில்லை.

பேர் வைப்பவன் பெரும்பாலும் வெளியே நிற்பவன்தான். பட்டியலில் உள்ள கத்மோனியர் என்பதற்குக் கிழக்கத்தியார் என்று பொருள். இங்கே முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆளைக் ‘கிழக்கத்தியான்’ என்று சொல்லும்போது அந்த ஆள் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை என்பதைக் கவனிக்கலாம். சம்சூமியர் என்று இன்னொரு கூட்டம் உபாகமத்தில் வருகிறது. அம்மோனியர் வைத்த பெயர் அது என்று நூலே சொல்கிறது. புரியாத பேச்சின் இரைச்சலைக் கேட்டு வைத்த பெயராக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

மறுதரப்பையும் சொல்லிவிட வேண்டும். பெரிசியர் உண்மையான ஒரு குலமே என்பாரும் இருக்கிறார்கள். எகிப்தில் கிடைத்த அமர்னா களிமண் மடல்களில், மித்தன்னி அரசன் துஷ்ரத்தா அனுப்பிய தூதர்களில் ஒருவன் பெயர் பிரிஸ்ஸி. கிறிஸ்துவுக்கு முன் பதினான்காம் நூற்றாண்டு. வடக்கேயிருந்து வந்த ஹுர்ரியர் பெயர்தான் இது, மதிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர்கள் கட்சி. யோசுவாவின் பதினேழாம் அதிகாரமும் அவர்களுக்குக் கொஞ்சம் உதவுகிறது. நிலம் போதவில்லை என்று வந்த யோசேப்பு வம்சத்தாரிடம், பெரிசியரும் ரெப்பாயீமியரும் இருக்கிற மலையில் காட்டை வெட்டித் திருத்திக்கொள்ளுங்கள் என்கிறார் யோசுவா. தனி நிலம் இருந்தால் தனிக் குலமும் இருந்திருக்கும் அல்லவா? ஒரு தூதன் பெயரை வைத்துக்கொண்டு ஒரு சனத்தையே வடக்கேயிருந்து நடத்திக் கூட்டிவருவது எனக்குச் சம்மதமில்லை. காடு விஷயத்திலும் எனக்கு ஒரு கரிசல்காட்டுச் சந்தேகம் உண்டு. எங்கள் பக்கம் “காட்டுக்குப் போயிருக்காக” என்றால் பருத்தி எடுக்கவோ, உளுந்துக்குக் களை வெட்டவோ போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். காட்டில் இருப்பவன் காட்டுமிராண்டி இல்லை, சம்சாரி. மலையில் காட்டோரம் மதிலில்லாமல் குடியிருந்தவர்களைப் ‘பெரிசியர் நாடு’ என்று சொல்ல ரத்த உறவு வேண்டியதில்லை.

மதிலை வைத்து மனிதருக்குப் பெயர் வருவது நமக்குப் புதிதா என்ன? ஸ்ரீவைகுண்டத்தில் மண்கோட்டைக்குள் வாழ்ந்த குடும்பங்களுக்குக் கோட்டைப் பிள்ளைமார் என்றே பெயர். அந்த வீட்டுப் பெண்கள் கோட்டை வாசலைத் தாண்டாமல் வாழ்ந்தார்கள். மானுடவியலாளர் கமலா கணேஷ் அவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மதிலுக்கு உள்ளே இருந்தால் அது பெருமையான அடைமொழி. வெளியே இருந்தால் வசவு. தமிழ் சினிமாவில் கதாநாயகனிடம் அடி வாங்குகிற வில்லனின் பெயர், லத்தீனில் பண்ணைநிலத்து உழவனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. உழுதவன் பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக வந்து சேர்வதற்குள் கெட்டவன் ஆகிவிட்டான். விருதுநகரும் இந்தச் சுமையை இறக்கிவைத்த ஊர்தான். 1923 வரை அது விருதுபட்டி. பருத்தியும் மிளகாயும் விற்றுக் காசு பார்த்த வியாபாரிகளுக்குப் பட்டி என்ற வால் உறுத்தியிருக்கும்; வெட்டிவிட்டு நகரை ஒட்டிக்கொண்டார்கள். அருப்புக்கோட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. மல்லிகை அரும்பால் வந்த பெயர் என்று சொல்வார்கள். பூக்கடையில் அரும்பு கிடைக்கும். கோட்டை எங்கே என்று கேட்டால் எந்த ஊர் நீங்க என்று திருப்பிக் கேட்பார்கள். அடுத்திருக்கிற திருச்சுழியும் இப்படித்தான். ஊழி வெள்ளத்தைச் சிவன் சுழித்து நிலத்துக்குள் இறக்கிய இடம் என்பது தலபுராணம். பக்கத்தில் ஓடும் குண்டாற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணல்தான் ஓடுகிறது. நிலம் மறந்துபோனதையும் பெயர் பிடித்துவைத்துக்கொண்டிருக்கும்.

நத்தத்தை ரொம்பவும் புகழ்ந்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. மதிலில்லாத ஊர் என்பது வெளியே நின்று பார்ப்பவனின் வர்ணனை. உள்ளே வந்தால் தெரியும். ராஜராஜன் கல்வெட்டிலேயே நத்தம் தனி, சேரி தனி. பக்கத்து மதுரை மாவட்டத்தில் உத்தப்புரத்தில் 1989-ல் தலித் மக்கள் குடியிருப்பைப் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். அதில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாதம் ஆகிவிட்டது, அதுவும் போலீஸ் காவலோடு. பகைவன் வராமலிருக்க மதில் கட்டாத ஊர், பக்கத்துத் தெருக்காரன் வராமலிருக்கக் கட்டிக்கொண்டது. பெரிசியருக்குள்ளும் இப்படி ஏதாவது இருந்ததா என்று வேதாகமம் சொல்லவில்லை. அவர்கள் வாயால் பேசிய ஒரு வாக்கியம்கூட அதில் கிடையாது.

சொல்லின் வேர் எதுவானாலும் பட்டியலுக்குள் போனால் அது குலமாகிவிடுகிறது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். உபாகமம் ஏழாம் அதிகாரத்தில் ஒழிக்கப்பட வேண்டியவர்கள் என்று ஏழு பெயர்கள். ஐந்தாவது பெரிசியர். பிறகு சாலொமோன் காலத்தில் மிஞ்சியவர்கள் கட்டாய ஊழியத்துக்குப் பிடிக்கப்பட்டார்கள். முதலாம் இராஜாக்கள் ஒன்பதில் அந்தக் கணக்கும் இருக்கிறது. எருசலேமின் மதிலைக் கட்டியதும் அதே கட்டாய வேலைதான் என்று அந்த அதிகாரம் சொல்கிறது. மதிலில்லாதவன் மதில் கட்டப் போனான். பட்டியல் என்ன செய்யும் என்பதற்கு நாம் யோர்தான் நதிவரை போக வேண்டாம். குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகைச் சட்டம் என்று ஊரில் பேர். பட்டியலில் சாதியின் பெயர் ஏறினால் போதும், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையும் குற்றவாளி. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. சட்டம் எடுபட 1947 ஆயிற்று. அந்தச் சட்டம் வந்த 1911-ஆம் வருஷத்துக் கடைசியில்தான் பாண்டித்துரைத் தேவர் தம் நாற்பத்து நான்காம் வயதில் காலமானார். அதற்கு முந்தின வருஷம் அவர் ஆதரவில் மதுரைத் தமிழ்ச் சங்கம் ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’யை அச்சிட்டது. அதுவும் பெயர்களின் பட்டியல்தான், ஆயிரம் பக்கத்துக்கு மேல். யாரையும் பிடித்துக்கொண்டுபோகச் சொல்லாத பட்டியல்.

வேதாகமத்துக்காரர்களே இந்தப் பட்டியலை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், யாதாயிம் பகுதியில், ஒரு வழக்கு இருக்கிறது. யூதா என்ற பெயருள்ள ஓர் அம்மோனியன் யூத மதத்துக்கு வந்து, சபைக்குள் சேரலாமா என்று கேட்கிறான். அம்மோனியனுக்கு நியாயப்பிரமாணத்தில் தடை உண்டு. ரப்பி கமாலியேல் கூடாது என்கிறார். ரப்பி யோசுவா கூடும் என்கிறார். அசீரிய அரசன் சனகெரிப் வந்து எல்லாச் சனங்களையும் இடம் மாற்றிக் கலந்துவிட்டானே, இப்போது யார் அம்மோனியன் என்று யாருக்குத் தெரியும் என்பது அவர் வாதம். அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் ஏழு சனங்களுக்கும் இதே மாதிரி எழுதிவிட்டார்: அவர்களுடைய நினைவே அழிந்துவிட்டது. எழுதியதை அடிக்க அவர்களுக்கு உரிமை இல்லை, ஓர் எழுத்தைக்கூட நகர்த்த முடியாது. ஆகவே பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் இருப்பவன் என்று யாரையும் காட்ட முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான உரை எந்த மொழியிலும் நான் பார்த்ததில்லை; நம் உரையாசிரியர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

குலம் போனாலும் சொல் போகவில்லை. சகரியா தீர்க்கதரிசி, எருசலேமே ஒரு நாள் சனமும் ஆடுமாடும் பெருகி மதிலில்லாத ஊர்களைப் போல ஆகும் என்று கண்டார். அங்கே அவர் சொன்ன சொல் ‘பெராஸோத்’, பெரிசியரின் அதே வேர். எஸ்தரின் கதையிலும் அது வருகிறது. யூதர்களை ஒழிக்கப் பார்த்த ஆமானிடமிருந்து தப்பியதைக் கொண்டாடும் பூரீம் பண்டிகை, மதிலில்லாத ஊர்க்காரர்களுக்கு ஆதார் மாதம் பதினான்காம் தேதி. மதிலுள்ள பட்டணத்தாருக்குப் பதினைந்தாம் தேதி. யூதர்கள் இன்றுவரை இப்படித்தான் கொண்டாடுகிறார்கள். எருசலேமில் ஒரு நாள் பிந்தி. எது மதிலுள்ள ஊர் என்பதற்கும் மிஷ்னா விதி சொல்கிறது: யோசுவா காலத்தில் மதில் இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு மதில் நிற்கிறதா என்பது கணக்கில்லை. அருப்புக்கோட்டைக்காரர்கள் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

சின்னக் கிராமங்களுக்கு அன்று இன்னொரு சலுகையும் இருந்தது. பதினான்கு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்னால் திங்களோ வியாழனோ, வழக்குக்கும் சந்தைக்கும் பட்டணத்துக்கு வருகிற நாளிலேயே எஸ்தர் சுருளை வாசிக்கக் கேட்டுவிட்டு ஊர் திரும்பலாம். ஏன் இந்தச் சலுகை என்று மிஷ்னாவுக்கு விளக்கம் சொல்லும் தல்முத் கேட்கிறது. பட்டணத்தில் இருக்கிற சகோதரர்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் அவர்கள்தான், அதனால் என்று அதுவே பதில் சொல்கிறது.